தூர்வாரிய மண்ணை என்ன செய்வது? பர்மாவில் ரங்கூனை அடுத்த சிரியம், சௌக்தான் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை பிடிப்பதற்குள் ஓடைகளை வாரி முடிக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் ஓட்டமும் நடையுமாக இருக்கும். கரையோரம் மண் குவியும். அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். பீலிக்கான் முனீஸ்வரர் கோவிலுக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தி இதைப் பற்றிக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் மண் ஆராய்ச்சி படித்தவன் இல்லை. ரங்கூன் ஆற்றில் மணல் உறிஞ்சும் படகுகளில் பதினெட்டு வருஷம் கணக்கு எழுதியவன். குழாய் வாயில் என்ன வந்து விழுகிறது என்று பார்த்துப் பழகியது பாதி. படித்தும் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டது மீதி.

போன வருஷம்தான் வாரினார்கள். மறுபடியும் தூர்ந்துவிட்டதே. வேலையில் ஏமாற்றா?

சில இடத்தில் ஏமாற்றும் இருக்கலாம். ஆனால் ஒழுங்காக வாரினாலும் தூரும். நம் ஆற்றின் சுபாவம் அது.

ஐராவதி ஒரு வருஷத்தில் கடலுக்குச் சுமந்து போகும் வண்டல் சுமார் 36 கோடி டன். ராபர்ட் கார்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டில் அளந்து வைத்த கணக்கை 2007இல் திரும்ப ஆராய்ந்து சொன்ன எண் இது. கடலுக்குப் போனதெல்லாம் அங்கேயே நிற்பதில்லை. ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, அதில் ஒரு பங்கைக் கிழக்கே மர்த்தபான் வளைகுடாவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் அங்கே 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல் கலங்கி நிற்கும். அஷ்டமியை ஒட்டி ஓதம் தளரும்போது அது 15,000 அளவுக்குச் சுருங்கும். உலகத்தில் வருஷம் முழுக்கக் கலங்கியே கிடக்கும் கடற்பரப்புகளில் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று. அந்தக் கலங்கலைத்தான் ஒவ்வோர் ஏற்றமும் நம் ஆற்று வாய்க்குள் கொண்டுவருகிறது. ரங்கூன் துறையில் பெரிய ஓதம் இருபது அடியை நெருங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. நம் பாட்டிகள் கலங்கிய தண்ணீர்ப் பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்த துகள்கள் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். ஆற்று நீர் கடல் நீரைச் சந்திக்கும் இடத்தில் உப்பு அதே வேலையைச் செய்கிறது. தனித்தனியாக மிதந்து வந்த களித்துகள்கள் திரிதிரியாகச் சேர்ந்து கனத்துக் கீழே இறங்கும். நாம் இருக்கும் இடம் அந்தப் பானையின் அடிப்பாகம். இதில் நீங்கள் ஒரு பள்ளம் தோண்டினால் அது மண் வந்து உட்காரத் தோதான குழி, அவ்வளவுதான்.

ரங்கூனுக்கு வடகிழக்கே உள்ள பெகு ஒரு காலத்தில் கப்பல்கள் வந்துபோன துறைமுகம், தலைநகரும்கூட. ஆறு மண்மூடிப் போனதும் ஒரு காரணமாக, 1635இல் தலைநகரை ஆவாவுக்கு மாற்றினார்கள். ராஜாவாலேயே ஆகாத காரியத்தை ஓடைக் காண்ட்ராக்டர் ஒரே வாரலில் முடிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

மண் மண்தானே? எல்லாம் ஒன்று இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கீழே உள்ளவற்றில் பாதி தேவைப்படாது. வாரிய மண்ணில் மணல், வண்டல், களி மூன்றும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்பதுதான் அது வீட்டுக்கு ஆகுமா வயலுக்கு ஆகுமா என்று சொல்லும்.

கண்ணாடி போத்தல் ஒன்று எடுங்கள். அகலவாய் ஊறுகாய் போத்தல் இருந்தால் நல்லது. மூன்றில் ஒரு பங்கு மண், மீதி மழைத் தண்ணீர். கட்டி இல்லாமல் நன்றாகக் குலுக்கி, மட்டமான இடத்தில் வைத்துவிட்டு அசைக்காமல் இருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடியில் இறங்குவது மணல். அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதற்குமேல் படிவது பெரும்பாலும் வண்டல். மறுநாள் வரை தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருப்பது களி. களியிலேயே பெரிய துகள் நான்கு அங்குலத் தண்ணீரைக் கடந்து இறங்க எட்டு மணி நேரம் எடுக்கும், நுண்ணியவை இன்னும் தாமதிக்கும். மணலுக்கு அரை நிமிஷம் போதும்.

மூன்று நான்கு மணி நேரத்திலேயே தண்ணீர் பளிச்சென்று தெளிந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். களியே இல்லை என்றும் இருக்கலாம். மண்ணில் உப்பு இருந்து, தேற்றாங்கொட்டை வேலையைச் செய்துவிட்டது என்றும் இருக்கலாம். அதே மண்ணை இரண்டு மூன்று முறை மழைத் தண்ணீரில் கழுவி மறுபடி பாருங்கள். கழுவிய பிறகு தெளியத் தாமதமானால் முதலில் உப்பு இருந்தது என்று பொருள். கையால் சோதிக்கும் வழியும் உண்டு: ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டுங்கள். உடையாமல் பென்சில் போல நீண்டால் களி அதிகம். உருளவே மாட்டேன் என்று உதிர்ந்தால் மணல்.

வீட்டு மனை தாழ்வாக இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. இந்த மண்ணைப் போட்டு உயர்த்தலாமா?

ஆற்று நடுவிலிருந்து உறிஞ்சிய மணல் என்றால் உயர்த்தலாம். ரங்கூனைச் சுற்றிப் பல குடியிருப்புகள் எழும்பியதே அப்படித்தான். சுற்றிலும் கரை கட்டி, குழாய் வழியாக மணலும் தண்ணீருமாக உள்ளே பாய்ச்சி, தண்ணீரை ஒரு மூலை வழியாக வெளியேற்றுவார்கள்.

ஓடைச் சேறு என்றால் வேண்டாம். என் மாமா ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. சும்மா கிடைக்கிறதே என்று மூன்றடி உயரத்துக்கு ஓடைச் சேற்றை நிரப்பினார். மேலே வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்ததும், ஆறிவிட்டது என்று நினைத்து அடுத்த வருஷமே செங்கல் வைத்தார். மேலோடு ஒரு சாண்தான் காய்ந்திருந்தது. அடியில் களி அப்படியே கூழாக இருந்தது. இரண்டு மழைக்குள் சமையற்கட்டு ஒரு பக்கமாக இறங்கி, சுவரில் விரல் நுழையும் விரிசல் விட்டது. அத்தை இன்றைக்கும் அந்த அடுப்பில் பாத்திரத்தைச் சாய்த்து வைத்துத்தான் குழம்பு வைக்கிறாள்.

காரணம் எளிது. பம்ப் செய்த சேற்றில் மண்ணைவிடத் தண்ணீர்தான் அதிகம். களிக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் வெளியேற மாதக்கணக்கு ஆகாது, வருஷக்கணக்கு ஆகும். அது போகப் போக மண் இறங்கிக்கொண்டே இருக்கும். போட்ட உயரத்தில் பாதி நின்றால் பெரிய விஷயம். சேறுதான் கதி என்றால், ஒரேயடியாகக் கொட்டாமல் ஓரடிக்கும் குறைவாகப் பரப்பி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, கோடையில் காயவிட்டு, அடுத்த கோடையில் அடுத்த அடுக்கு போடுங்கள். மேலே வீடு கட்டாதீர்கள். களம், மாட்டுக்கொட்டகை, வாழை, இப்படி இறங்கினாலும் பாதகமில்லாததை வையுங்கள்.

மணலுக்கும் ஒரு ஆபத்து உண்டு. இதை யாரும் கேட்பதே இல்லை, நானாகச் சொல்கிறேன். தண்ணீரில் பாய்ச்சிப் போட்ட மணல் பொலபொலவென்று இருக்கும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் பூமி அதிர்ந்தால் அந்த மணல் சில நொடிகளுக்குத் திரவம்போல ஆகிவிடும். மேலே இருக்கும் வீடு சாய்ந்து புதையும். பூகம்பத்துக்குப் பேர்போன சகாயிங் நிலப்பிளவு பெகு பக்கமாகத்தான் போகிறது. 1930 மே 5ஆம் தேதி பெகுவில் நடந்த பூகம்பத்தில் சுமார் 500 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 28இல் மாந்தலே பக்கம் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் மணலை ஓரடி ஓரடியாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் உருளை ஓட்டி இறுக்கச் சொல்லிக் காண்ட்ராக்டரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உருளைக்குத் தனிக் காசு கேட்பார். கொடுங்கள்.

அந்த மணலையே சிமென்ட் கலவைக்கும் பயன்படுத்தலாமா?

கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு வேண்டாம். கோடையில் கடல் உப்பு ஆற்றில் ஏறி வரும். அந்த மணலில் ஒட்டிய உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். முகத்துவாரத்திலிருந்து வெகுதூரம் மேலே எடுத்த மணல் என்றால் கவலை குறைவு. நம் பக்கத்து மணல் மனை நிரப்ப மட்டும் போதும்.

வயலில் போடலாமா? தாத்தா காலத்தில் ஓடை மண் போட்டுத்தான் விளைந்தது என்கிறார்கள்.

தாத்தா சொன்னதில் தப்பில்லை. இந்த டெல்டா முழுவதும் ஆறு போட்ட மண்தான். செட்டியார்கள் கடன் கொடுத்ததும், நம் முன்னோர் வந்து காடு வெட்டிக் கழனியாக்கியதும் அந்த மண்ணை நம்பித்தான். ஆனால் மூன்று விஷயத்தைப் பார்க்காமல் போடக்கூடாது: உப்பு, புளிப்பு, நஞ்சு. நஞ்சை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

உப்பைக் கண்டு ரொம்பப் பயப்பட வேண்டாம். மண்ணின் உப்பை மின்கடத்து மானியால் அளக்கிறார்கள். அளவு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு போகும். நூறு கூடை விளையும் வயலில் மானி 5 காட்டினால் இருபத்துச் சொச்சம் கூடை நஷ்டம். நம்மிடம் ஒரு பெரிய மருந்து இருக்கிறது, மழை. ரங்கூன் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது. மே முதல் அக்டோபருக்குள் அநேகமாக எல்லாம் கொட்டித் தீர்த்துவிடும். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் கடலையே வயலுக்குள் கொண்டுவந்தது. அந்த உப்பையும் மழைதான் கழுவியது. நீங்கள் செய்ய வேண்டியது, கோடையிலேயே மண்ணைப் பரப்பி, வரப்பில் மடை வெட்டி, முதல் மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய விடுவது. மடை வெட்டாமல் தேக்கி வைத்தால் உப்பு அங்கேயே கரைந்து அங்கேயே காயும்.

புளிப்புத்தான் பொல்லாதது. முன்பு கண்டல் காடு, அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு, இருந்த இடத்துச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற பொருள் இருக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது தூங்கும். வாரி வெயிலில் போட்டதும் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிவிடும். போட்டபோது நன்றாக இருந்த மண், நாலைந்து மாதத்தில் புல்கூட முளைக்காமல் கிடக்கும். வெடிப்புகளில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டு தெரிந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்கு முன்னால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு கைப்பிடிச் சேற்றைத் தட்டில் அரை அங்குலத்துக்குப் பரப்பி நிழலில் வையுங்கள். அவ்வப்போது தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்து, தினமும் கிளறிவிடுங்கள். முதல் நாளும், வாரம் ஒருமுறையும் அமிலம் காட்டும் காகிதத்தால் பாருங்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எட்டு வாரத்தில் எண் 4க்குக் கீழே இறங்கினால் அந்த மண்ணைக் கரைமேல் குவிக்கவும் வேண்டாம், தோட்டத்துக்கு எடுக்கவும் வேண்டாம். சுண்ணாம்பு போட்டு மாற்றலாம்தான். எவ்வளவு போடுவது என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும், பல சமயம் செலவு கட்டாது. காயாமல் எப்போதும் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் போட்டுவிடுவதுதான் மலிவான வழி.

இந்த இரண்டிலும், அடுத்து வரும் நஞ்சிலும் தேறினால் போடுங்கள். ஒரு வருஷத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்குமேல் போடாமல் உழுது பழைய மண்ணோடு கலந்துவிடுங்கள். ஒரே வருஷத்தில் ஓரடி நிரப்பினால் நாற்று வேர் பிடிக்காது, பக்கத்து வயலோடு தண்ணீர் மட்டமும் மாறிப்போகும். அப்புறம் பங்காளிச் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

கருப்பாக, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. அது விஷமா?

நாற்றம் மட்டும் விஷத்துக்கு அடையாளம் இல்லை. காற்றுப் படாத சேற்றில் இலை தழை மக்கினாலே அந்த வாசம் வரும். எதிர்மறையாக, வாசமே இல்லாத சேறு கெட்டதாக இருக்கலாம். காரீயம், கேட்மியம் போன்ற நச்சு உலோகங்களை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது.

எனவே மண்ணை முகர்வதை விட்டுவிட்டு ஓடையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். சாயப்பட்டறை, பாட்டரி வேலை, தோல் பதனிடும் இடம், வண்டி பழுது பார்க்கும் வரிசை, பெரிய சாக்கடை இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சேறு வயலுக்கும் வேண்டாம், குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கும் வேண்டாம். உலோக நஞ்சு மணலில் அதிகம் ஒட்டாது. நுண்ணிய களியிலும் மக்கிலும்தான் ஒட்டும். ஆகவே ஒரே ஓடையில் வாரிய மணல் தேறலாம், சேறு தேறாமல் போகலாம்.

நெல்லில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போது கேட்மியம் மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்ததும் அவிழ்ந்து கதிருக்குள் ஏறும். ஆர்சனிக் நேர்மாறு, தண்ணீர் நிற்கும்போதுதான் ஏறும். ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றில் மாட்டுவோம். ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப் பக்கம் சுரங்கக் கழிவில் வந்த கேட்மியம் வயலுக்குள் புகுந்து, அந்த அரிசியைத் தின்றவர்களின் எலும்பை முறித்தது. நோயின் பெயரே 'இத்தாய் இத்தாய்', வலிக்கிறது வலிக்கிறது என்று பொருள். 1968இல்தான் அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது.

ரோட்டர்டாம் துறைமுகத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வாருவதற்கு முன்பே சோதித்து, சுத்தமானதைக் கடலுக்கும் கெட்டதை ஸ்லுஃப்டர் என்ற தனிக் குளத்துக்கும் அனுப்புகிறார்கள். 1987 முதல் அந்தக் குளம் இருக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய குளம் தேவையில்லை. வாருவதற்கு முன்பே பிரிப்பது என்ற பழக்கம் வந்தால் போதும். நல்லதையும் கெட்டதையும் ஒரே குவியலாகக் கரையில் ஏற்றிய பிறகு, எல்லாமே கெட்டதுதான்.

செங்கல் அறுக்கலாமா?

அறுக்கலாம். தனிக் களியில் அறுத்தால் காயும்போதே வெடிக்கும், மணல் கலக்க வேண்டும். உமி கலந்தால் சூளையில் உள்ளிருந்தும் எரியும். உப்பு போகாத மண் என்றால் சுவரில் வெள்ளை பூத்து நாளடைவில் பொரிந்து விழும். ஒரு மழைக்காலம் குவித்துப் போட்டுக் கழுவிய மண்ணில் அறுப்பவர் கல்லையே வாங்குங்கள்.

கோவில் நந்தவனத்துக்குப் போடலாமா?

பூச்செடிக்குப் போடலாம். கீரைக்கும் கிழங்குக்கும், சந்தேகமான ஓடை என்றால், போடாதீர்கள். கீரைதான் எதையும் சீக்கிரம் உறிஞ்சும்.

இவ்வளவு தொல்லை எதற்கு? வாரியதை ஆற்றிலேயே கொட்டிவிட்டால்?

அதைத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். இறக்கத்தில் கொட்டினால் கடலுக்குப் போகிறது என்று திருப்தி. ஆறு மணி நேரத்தில் ஏற்றம் வந்து ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஒரே மண்ணுக்கு இரண்டு முறை டீசல் செலவு. உல்லம் மீன் ஆற்றில் ஏறும் காலத்தில் கொட்டினால் வலைக்காரர்கள் வயிற்றிலும் அடி.

அதற்காக ஆற்றின் மண் முழுவதையும் நாமே எடுத்துக்கொள்வதும் சரியில்லை. சென்னைக்குப் போனவர்கள் மெரினாவைப் பார்த்திருப்பீர்கள். துறைமுகச் சுவர் வடக்கே போக வேண்டிய மணலைத் தடுத்தது. தெற்கே கடற்கரை அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. மண் ஓரிடத்தில் அதிகமானால் இன்னோரிடத்தில் பட்டினி. மர்த்தபான் வளைகுடாக் கரையில் கிராமங்கள் அரித்துப் போகின்றன. அங்கேயுள்ள சேற்றுப் பரப்பு 2017இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. கரண்டி மூக்கு உள்ளான் என்ற அருகிய பறவை குளிர்காலத்தில் வந்து மேய்வது அந்தச் சேற்றில்தான்.

என் யோசனையைக் கேட்டால், சுத்தமான ஓடைச் சேற்றுக்கு ஏற்ற இடம் கரையின் வெளிப்பக்கம். ஏற்றத்தில் மூழ்கி இறக்கத்தில் தெரியும் உயரத்துக்கு, மூங்கில் தட்டிக்குப் பின்னால் மெல்ல நிரப்பி, கண்டல் நட்டால் வேர் பிடித்து நிற்கும். ஈரம் காயாததால் புளிப்பும் எழும்பாது. கண்டல் அலையைத் தாங்கும் என்று நர்கிஸுக்குப் பிறகு யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அனுமதி வேண்டுமா?

ஆற்றிலோ ஓடையிலோ மணல் எடுக்க, உறிஞ்ச, வார, 2006ஆம் ஆண்டு நீர்வள, ஆறுகள் பாதுகாப்புச் சட்டப்படி நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். பெரிய வேலை என்றால் 2015இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையும் சேரும். ஒருவர் அனுமதி வாங்கி வாரிய மண்ணை நீங்கள் வாங்கினால், அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

குவியலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பரவாயில்லையா?

இல்லவே இல்லை. மேலே காய்ந்து வெடித்திருக்கும், கால் வைத்தால் தாங்கும்போல இருக்கும். நாலு எட்டு வைத்ததும் இடுப்பு வரை இறங்கும். மாடு இறங்கினால் எழுப்பவே முடியாது. வேலி போடுங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் பின்னால் குதிக்காமல், கதவையோ பலகையையோ கிடத்தி அதன்மேல் படுத்துக் கை கொடுங்கள்.

காண்ட்ராக்டர் மலிவாகக் கொண்டுவந்து கொட்டுகிறேன் என்கிறார். சம்மதிக்கட்டுமா?

அவருக்குக் கொட்ட இடம் வேண்டும், அதனால்தான் மலிவு. தப்பில்லை. எந்த ஓடை, எந்த வளைவு என்று கேளுங்கள். முதல் வண்டி மண்ணை இறக்கவிடாமல் போத்தல் சோதனை செய்யுங்கள். 'மேல்மண்ணா அடிமண்ணா' என்றும் கேளுங்கள். பல ஓடைகளில் மேலே இரண்டடி சமீபத்துச் சாக்கடைச் சேறு, அதற்குக் கீழே பழைய சுத்தமான களி.

விலை பேசும்போது இன்னொரு சங்கதி. நூறு கன அடிக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்வார்கள். நான் கணக்கெழுதிய காலத்தில் அந்த நூறு எங்கே அளந்த நூறு என்பதில்தான் சண்டை வரும். ஆற்றடியில் நூறு இருப்பது வாரியதும் தண்ணீர் ஏறி நூற்றிருபது, நூற்றைம்பது என்று உப்பும். உங்கள் மனையில் காய்ந்ததும் எழுபதோ அறுபதோ ஆகிவிடும். படகில் அளந்தால் அவருக்கு லாபம், காய்ந்த பிறகு அளந்தால் உங்களுக்கு. மனையின் நான்கு மூலையிலும் அடி குறித்த மூங்கில் நடுங்கள். பாதிப் பணத்தை இறக்கும்போது கொடுங்கள், மீதியைத் தீபாவளிக்குப் பிறகு மூங்கிலைப் பார்த்துக் கொடுப்பதாகப் பேசுங்கள். பெரும்பாலானவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள். அவர்களிடம் வாங்குங்கள்.